யூரோப்பாவின் மெல்லிய காற்றும் புற ஊதா ஒளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் பக்கம் எங்கள் தெருவில், வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில் மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்து வியாழனைக் காட்டுவது வழக்கம். வருகிறவர்களில் பாதிப் பேர் வளையம் எங்கே என்று கேட்பார்கள். அது சனி என்று சொன்னதும் கொஞ்சம் ஏமாற்றம். மீதிப் பேரின் கவனம் வியாழன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் நான்கு புள்ளிகளுக்குப் போகும். அதில் ஒன்றுக்குக் காற்று இருக்கிறது, அதைப் புற ஊதாவில்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால், அப்புறம் கேள்விகள் நிற்காது. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கான பதில்கள் இவை.

யூரோப்பா என்பது எது?

வியாழனின் நான்கு பெரிய நிலாக்களில் சிறியது. குறுக்களவு சுமார் 3,120 கிலோமீட்டர், நம் நிலாவைவிடக் கொஞ்சம் குறைவு. வியாழனிலிருந்து சுமார் 6,71,000 கிலோமீட்டர் தள்ளி, மூன்றரை நாளுக்கு ஒரு சுற்று. மேலே முழுக்கப் பனிக்கட்டி. அதற்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்கு வலுவான ஆதாரம் கலிலியோ விண்கலத்தின் காந்தமானியிலிருந்து கிடைத்தது.

காற்று என்கிறீர்களே, எவ்வளவு காற்று?

கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. தரைமட்டத்தில் அதன் அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு முதல் லட்சம் கோடியில் ஒரு பங்கு வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அங்கே காற்று வீசாது, மேகம் சேராது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதே அரிது. பனித்தரையிலிருந்து ஒரு மூலக்கூறு எழும்பும், வளைந்து போய் வேறிடத்தில் விழும், மறுபடி எழும்பும். சில திரும்பி வராமலே போய்விடும்.

இதை வளிமண்டலம் என்று சொல்லலாமா என்று ஒரு பள்ளி மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த அளவு மெல்லியதாக இருப்பதால்தான் அது நமக்குப் பயன்படுகிறது. தரையில் நடப்பது எல்லாம் இடையில் கலங்காமல் அதில் அப்படியே பதிவாகிறது. பனியின்மேல் என்ன அடிக்கிறது, அடியிலிருந்து ஏதாவது வெளியே வருகிறதா என்பதை அந்தக் காற்றை வைத்தே விசாரிக்கலாம்.

அந்தக் காற்று எங்கிருந்து வந்தது?

வியாழனின் காந்தப்புலம் மிகப் பெரியது. பக்கத்தில் இருக்கும் ஐயோ என்ற எரிமலை நிலா விநாடிக்கு ஒரு டன் அளவுக்குக் கந்தகமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவை வெளியே தள்ளுகிறது. அது மின்னூட்டம் பெற்று அந்தக் காந்தப்புலத்தில் மாட்டிக்கொள்ளும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது, காந்தப்புலமும் கூடவே சுற்றுகிறது. யூரோப்பாவோ மூன்றரை நாள் எடுத்துக்கொண்டு மெதுவாகப் போகிறது. அதனால் இந்த மின்துகள்கள் அதைப் பின்னாலிருந்து துரத்திப் பிடித்து அடித்துக்கொண்டே இருக்கின்றன.

அடித்தால் என்ன ஆகும்? கேரம் ஆடாத தெரு வடசென்னையில் இல்லை என்பதால் இந்த விளக்கம் இங்கே சுலபம்: ஸ்ட்ரைக்கர் நடுவில் இருக்கும் காய்க்கூட்டத்தில் பாய்ந்தால் காய்கள் சிதறுகிற மாதிரி, பாய்ந்து வரும் துகள் பனியிலிருந்து நீர் மூலக்கூறுகளைத் தெறிக்கவிடும். போர்டில் நடக்காத ஒன்றும் அங்கே நடக்கிறது. சில மூலக்கூறுகள் உடைந்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும்.

இதற்கு அடுத்து நடப்பதுதான் முக்கியம். தெறித்த நீராவி கடுங்குளிரில் மறுபடி பனியாக ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் மிக லேசானது, யூரோப்பாவின் ஈர்ப்பு அதைப் பிடித்து வைக்காது, தப்பிவிடும். ஆக்சிஜன் மூலக்கூறு அந்தக் குளிரிலும் உறையாது, தப்பும் அளவுக்கு லேசாகவும் இல்லை. ஆகவே மிஞ்சுவது அதுதான். யூரோப்பாவின் காற்றில் பெரும்பகுதி, நாம் சுவாசிக்கும் அதே ஆக்சிஜன் மூலக்கூறு.

ஏன் புற ஊதாவில் பார்க்க வேண்டும்? சாதாரண வெளிச்சத்தில் தெரியாதா?

பனி நிலா சூரிய ஒளியைப் பிரமாதமாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் அந்தப் பிரகாசத்தில், இவ்வளவு மெல்லிய வாயுவின் மினுக்கம் மூழ்கிவிடும். அலைநீளம் 200 நானோமீட்டருக்குக் கீழே போனால் நிலைமை தலைகீழ். அங்கே சூரியனே மங்கல், பனியும் அந்த ஒளியைக் கொஞ்சமாகத்தான் பிரதிபலிக்கும். பின்னணி இருண்டுவிடுவதால் வாயுவின் சொந்த ஒளி மேலே வருகிறது.

அதோடு, அணுக்களும் சிறிய மூலக்கூறுகளும் தங்கள் வலுவான அடையாளக் கோடுகளை, அதாவது தாங்கள் ஒளி விடும் குறிப்பிட்ட அலைநீளங்களை, அந்தப் பகுதியில்தான் வைத்திருக்கின்றன. ஹைட்ரஜனுக்கு 121.6 நானோமீட்டர், ஆக்சிஜனுக்கு 130.4, 135.6. இந்த மூன்று எண்களும் கீழே அடிக்கடி வரும். நம் கண் பார்க்கும் ஒளி 400க்கும் 700க்கும் நடுவில் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் வெளிச்சத்திலும் புற ஊதா இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

தண்டையார்பேட்டையில் கிரில் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் கேட்டது. குடும்பம் ஒன்று, ஆனால் அலைநீளம் வேறு. வெல்டிங் வில்லிலிருந்து வந்து கண்ணாடி போடாதவருக்கு ராத்திரியில் கண்ணில் மண் போட்ட மாதிரி எரிச்சல் தருவது பெரும்பாலும் 200 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ளது. வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் கிருமி கொல்லும் விளக்கு 254. இவை காற்றில் பயணம் செய்யும்.

200க்குக் கீழே உள்ள ஒளியும் வில்லிலிருந்து கிளம்பத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பக்கத்துக் காற்றில் உள்ள ஆக்சிஜனே விழுங்கி ஓசோனாக மாறுகிறது. பட்டறையில் ஒரு காரமான வாடை அடிக்குமே, அதில் ஓசோனுக்கும் பங்கு உண்டு. யூரோப்பாவிலிருந்து வரும் ஒளி இந்த இரண்டாம் வகை.

அப்படியானால் இங்கிருந்து, பெரிய தொலைநோக்கி வைத்தால்கூட, பார்க்க முடியாதா?

முடியாது. எண்ணூரில் புகை இல்லாவிட்டாலும், மணலியில் ஆலைகளே இல்லாவிட்டாலும், ஊட்டி மலைமேல் ஏறினாலும் முடியாது. யூரோப்பாவின் ஆக்சிஜன் அனுப்பும் ஒளி அறுபது கோடி கிலோமீட்டருக்கு மேல் தடையில்லாமல் வந்து, கடைசி நூறு கிலோமீட்டரில் நம் ஆக்சிஜனிடம் மாட்டிக்கொள்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த முரண் இதுதான்: அங்கே ஆக்சிஜன் இருப்பதை இங்கே இருக்கும் ஆக்சிஜன் மறைக்கிறது.

அதனால்தான் இந்த வேலைக்கு வளிமண்டலத்துக்கு மேலே போக வேண்டியிருந்தது. 1990இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கிதான் இதில் முதன்மைக் கருவி. அதற்குமே முழு நிம்மதி இல்லை. ஹப்பிள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அதற்கு மேலும் பூமியைச் சேர்ந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜன் அணுக்களும் மெல்லியதாகப் பரவி, சூரிய ஒளி பட்டு அதே 121.6லும் 130.4லும் மினுக்கிக்கொண்டிருக்கின்றன. ஆகவே ஹப்பிள் பூமியின் இரவுப் பக்கத்தில் போகும்போது எடுத்த பதிவுகளுக்கு மதிப்பு அதிகம். பகலில் எடுத்தவற்றில் பூமியின் ஒளியைக் கழித்த பிறகே யூரோப்பாவின் ஒளியைப் பற்றிப் பேச முடியும்.

ஆக்சிஜன் என்று எப்படி உறுதியாகச் சொன்னார்கள்?

இதுதான் இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1994 ஜூனில் டாய்ல் ஹால் என்பவரும் உடன் இருந்தவர்களும் ஹப்பிளில் இருந்த, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியை யூரோப்பாவின் பக்கம் திருப்பினார்கள். 1995 தொடக்கத்தில் நேச்சர் இதழில் முடிவு வெளியானது. 130.4, 135.6 இரண்டிலும் ஒளி வந்திருந்தது. இரண்டும் ஆக்சிஜன் அணுவின் கோடுகள். அப்படியானால் அங்கே இருப்பது தனி அணுக்களா, இரண்டிரண்டாகச் சேர்ந்த மூலக்கூறுகளா, அல்லது நீராவியா? மூன்றிலுமே ஆக்சிஜன் அணு உண்டு. கோடு தெரிந்தது என்பது மட்டும் போதாது.

இரண்டு கோடுகளில் எது எவ்வளவு பிரகாசம் என்ற விகிதம்தான் விடை சொல்லும். ஒரு வேகமான எலக்ட்ரான் ஆக்சிஜன் மூலக்கூறில் மோதி அதை உடைத்தால், பிரிந்த அணு கிளர்ந்த நிலையில் இருக்கும். அது தணியும்போது ஒளியை விடும். இந்த வழியில் வந்தால் 135.6 கோடு 130.4 கோட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரகாசம். எலக்ட்ரான் மோதியது தனி ஆக்சிஜன் அணுவில் என்றாலோ நீர் மூலக்கூறில் என்றாலோ 130.4தான் தூக்கலாக இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. சூரியனும் 130.4 ஒளியை வலுவாக அனுப்புகிறது. ஆகவே அந்தக் கோடு வெறும் பிரதிபலிப்பாகவும் இருக்கலாம். 135.6 அப்படி அல்ல. ஆக்சிஜன் அணு அந்த ஒளியைச் சூரியனிடமிருந்து வாங்கித் திருப்பி அனுப்புவது மிகக் கடினம், அது பெரும்பாலும் எலக்ட்ரான் மோதலால்தான் பிறக்கும். சரி, பிரதிபலிப்பு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதே நிறமாலையில் 133.5இல் சூரியனின் கார்பன் கோடு ஒன்று யூரோப்பாவின் பனியில் பட்டுத் திரும்பி வந்திருந்தது. பனி எந்த அளவுக்குப் பிரதிபலிக்கிறது என்பதற்கு அது ஒரு அளவுகோல். அந்தப் பங்கை 130.4இலிருந்து கழித்தபின் விகிதம் இரண்டை ஒட்டி வந்தது. மூலக்கூறு ஆக்சிஜன் என்று முடிவுசெய்தார்கள்.

செய்திகளில் "ஆக்சிஜன் கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு மட்டும் வந்து போய்விடுகிறது. கண்டுபிடித்தது இரண்டு கோடுகளை ஒப்பிட்ட ஒரு வகுத்தல் கணக்கு என்பதை யாரும் எழுதுவதில்லை. பனி நிலாக்களின் காற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்த விகிதத்தில்தான் நிற்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பிற்பாடு வந்த பெரிய செய்திகளையும் நாமே எடை போட்டுப் பார்க்கலாம்.

வேறு வழியே இல்லையா?

உண்டு, அதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு நிலா விண்மீன் ஒன்றின் முன்னால் கடந்து போகும்போது விண்மீன் மறையும். நிலாவுக்குக் காற்றே இல்லையென்றால் சுவிட்ச் போட்ட மாதிரி சட்டென்று அணையும். காற்று இருந்தால் விளிம்பில் கொஞ்சம் மங்கிவிட்டுத்தான் மறையும். 1972 ஜூன் 7 அன்று வியாழனின் இன்னொரு நிலாவான கனிமீடு இப்படி ஒரு விண்மீனை மறைத்தது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் அப்போதுதான் நிறுவப்பட்டிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும், இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதைப் பதிவு செய்தார்கள். ஒளி மங்கிய விதத்தை வைத்து, கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு, அழுத்தம் பூமியினுடையதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் என்று அறிவித்தார்கள்.

1979இல் வாயேஜர் 1 விண்கலம் கனிமீடின் அருகே போனபோது அதன் புற ஊதாக் கருவி இதே சோதனையை வேறொரு விண்மீனை வைத்துச் செய்தது. எந்த மங்கலும் இல்லை. காற்று இருந்தாலும் அது காவலூர் கணக்கைவிடப் பல பத்தாயிரம் மடங்கு மெல்லியதாகத்தான் இருக்க முடியும் என்றானது. காவலூரில் பார்த்தவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை இவ்வளவு மெல்லிய வாயு தடுக்கவே தடுக்காது. புற ஊதாவை மூலக்கூறுகள் வெகு நன்றாக உறிஞ்சும் என்பதால், அங்கே மறைப்புச் சோதனையின் கூர்மை பல மடங்கு கூடிவிடுகிறது. கனிமீடுக்குக் காற்று உண்டு என்பதே பிற்பாடு ஹப்பிள் மூலம் உண்மையானது. அளவுதான் வேறு.

இந்த முறையின் மிக அழகான வெற்றி சனியின் என்செலடஸ் நிலாவில். 2005 பிப்ரவரியில் காசினி விண்கலத்தின் புற ஊதாக் கருவி, மூலம் நட்சத்திரம் அந்த நிலாவின் பின்னால் மறைவதைப் பார்த்தது. நடுக்கோட்டுப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஜூலையில் வேறொரு விண்மீன், திருவாதிரைக்கு எதிர்த்தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ், தென்துருவத்தின் அருகே மறைந்தது. இந்தத் தடவை மறைவதற்கு முன் அதன் ஒளியில் நீராவியின் தடம் இருந்தது. மறுபக்கம் வெளியே வரும்போது அது இல்லை. ஆக, நிலா முழுவதையும் போர்த்திய காற்று அல்ல, தெற்கே மட்டும் பீறிடுகிறது என்று ஒரே சோதனையில் தெரிந்தது. அந்தப் பீறல்களைக் கேமராவும் பிறகு படமெடுத்தது.

யூரோப்பாவிலும் தண்ணீர் பீறிடுகிறதாமே?

இருக்கலாம். உறுதி என்று சொல்ல நான் தயாராக இல்லை.

2012 டிசம்பரில் லோரன்ஸ் ராத் குழுவினர் ஹப்பிளில் எடுத்த பதிவில், யூரோப்பாவின் தென்விளிம்பில் ஹைட்ரஜனின் 121.6 கோடும் ஆக்சிஜனின் 130.4 கோடும் ஒரே இடத்தில் கூடுதலாக மின்னின. 135.6 அந்த அளவு கூடவில்லை. மேலே சொன்ன விகிதக் கணக்குப்படி பார்த்தால் அது நீராவி உடைவதன் அடையாளம். உயரம் 200 கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் மற்ற நாட்களில் பார்த்தபோது அது இல்லை.

அடுத்து வில்லியம் ஸ்பார்க்ஸ் குழு வேறு வழியில் போனது. யூரோப்பா வியாழனின் முன்னால் கடக்கும்போது, வியாழனின் பிரகாசம் பின்னணித் திரையாகிவிடும். விளிம்பில் ஏதாவது பீறினால் அது புற ஊதாவில் நிழலாகத் தெரிய வேண்டும். பத்து தடவை பார்த்ததில் மூன்று தடவை விரல் போன்ற நிழல்கள் தெரிந்தன என்று 2016இல் அறிவித்தார்கள். கலிலியோ விண்கலம் 1997இல் அருகே போனபோது எடுத்த காந்தப்புலப் பதிவையும் 2018இல் மறுபடி ஆராய்ந்து, அதுவும் ஒரு பீறலுக்குள் புகுந்து வந்திருக்கலாம் என்றார்கள். ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கி அகச்சிவப்பில் 17 இரவு பார்த்து, ஓர் இரவில் மட்டும் நீராவியைக் கண்டது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது பீறல் ஒன்றும் அகப்படவில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் என் கருத்து இது: ஒவ்வொரு சான்றும் கருவியின் எல்லையில் நிற்கிறது. ஹப்பிளின் புற ஊதாப் படத்தில் யூரோப்பாவின் முழுக் குறுக்களவே சுமார் 40 பிக்சல். அதில் விளிம்பில் இரண்டு மூன்று பிக்சல் மினுக்குவதை வைத்துத்தான் இத்தனை பேச்சும். பொய் என்று தள்ளவும் முடியாது, வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி "நீரூற்று கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதவும் முடியாது.

கனிமீடில் என்ன விசேஷம்?

அது சூரிய குடும்பத்திலேயே பெரிய நிலா, புதன் கோளைவிடவும் பெரியது. சொந்தமாகக் காந்தப்புலம் வைத்திருக்கும் ஒரே நிலாவும் அதுதான். 1996இல் கலிலியோ விண்கலம் கண்டுபிடித்தது. காந்தப்புலம் இருப்பதால் எலக்ட்ரான்கள் எல்லா இடத்திலும் விழாமல், வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பட்டைகளாக விழுகின்றன. அங்கே ஆக்சிஜன் மின்னுவதை ஹப்பிள் 1998இல் படமெடுத்தது. துருவ ஒளிதான், ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில்.

இதிலிருந்து இரண்டு கதைகள் கிளம்பின. வியாழனின் காந்தப்புலம் சாய்ந்து சுழல்வதால் அந்தத் துருவ ஒளிப் பட்டைகள் மேலும் கீழும் ஆட வேண்டும். உள்ளே கடல் இல்லையென்றால் சுமார் 6 பாகை ஆடும் என்று கணக்கு. ஹப்பிளில் பார்த்தால் ஏறத்தாழ 2 பாகைதான் ஆடியது. மின்சாரம் கடத்தும் உப்புநீர் அடியில் இருந்து அந்த ஆட்டத்தை எதிர்க்கிறது என்று யோவாகிம் சவுர் குழு 2015இல் அறிவித்தது. மேலே இருக்கும் காற்றின் மினுக்கத்தை வைத்து உள்ளே இருக்கும் கடலைக் கண்டுபிடித்த இந்த வேலையை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

இரண்டாவது: 1998 படங்களில் 130.4க்கும் 135.6க்கும் இடையிலான வேறுபாட்டைத் தனி ஆக்சிஜன் அணுக்களால் வந்தது என்று நினைத்தார்கள். 2018இல் கனிமீடு வியாழனின் நிழலுக்குள் நுழையும் நேரமாகப் பார்த்து ராத் குழு ஹப்பிளைத் திருப்பியது. நிழலுக்குள் போனால் சூரிய ஒளி நின்றுவிடும். அணுக்கள் நிறைய இருந்தால் அவை திருப்பி அனுப்பும் 130.4 ஒளி குறைய வேண்டும். குறையவில்லை. பழைய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, வெயில் நேராக விழும் நடுப்பகுதியில் விகிதம் மாறியிருந்தது தெரிந்தது. அது நீராவியின் அடையாளம்: நண்பகலில் பனி நேரடியாக ஆவியாகிறது. 2021இல் வெளியானது இது, 23 வருடம் பழைய படத்திலிருந்து.

ஆக்சிஜன் இருந்தால் உயிர் இருக்கும்தானே?

இல்லை. பூமியில் ஆக்சிஜனைச் செடிகளும் நுண்ணுயிர்களும் செய்கின்றன. யூரோப்பாவில் கதிர்வீச்சு செய்கிறது. உயிர் எதுவும் தேவையில்லை.

ஆனால் உயிரோடு தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. பனியின்மேல் உருவாகும் ஆக்சிஜன் எப்படியாவது கீழே கடலுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே ஏதாவது வாழ்ந்தால், அதற்கு ஆற்றல் மூலமாகலாம். அதனால்தான் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பது முக்கியமாகிறது. முந்தைய மதிப்பீடுகள் விநாடிக்குச் சில கிலோ முதல் ஆயிரம் கிலோ வரை அகலமாகப் பரவியிருந்தன. 2022 செப்டம்பர் 29 அன்று ஜூனோ விண்கலம் யூரோப்பாவுக்கு மேல் சுமார் 350 கிலோமீட்டரில் பறந்தபோது, தப்பித்துப் போகும் ஹைட்ரஜனை அளந்து, ஆக்சிஜன் விநாடிக்குச் சுமார் 12 கிலோ என்று கணக்கிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் டன். கேட்க அதிகமாக இருந்தாலும், முந்தைய மதிப்பீடுகளின் கீழ்ப்பக்கத்தில்தான் வருகிறது.

நம் நிலாவுக்கும் இப்படிக் காற்று உண்டா?

உண்டு. ஹீலியம், ஆர்கான், நியான், கொஞ்சம் சோடியம். சந்திரயான் 2இல் இருந்த கருவி ஒன்று ஆர்கானை அளந்தது. அமெரிக்காவின் எல்ஆர்ஓ விண்கலத்தில் இருக்கும் புற ஊதாக் கருவி ஹீலியத்தைப் பார்த்தது. அந்தக் கருவியைச் செய்த அதே நிறுவனம்தான், டெக்சாஸ் மாகாணம் சான் ஆன்டோனியோவில் உள்ளது, யூரோப்பாவுக்கான கருவியையும் செய்திருக்கிறது.

குரு பகவான் என்கிறார்களே, அது இந்த வியாழன்தானா?

அதே வியாழன்தான். சூரியனைச் சுற்ற கிட்டத்தட்ட 12 வருடம் ஆவதால்தான் வருடத்துக்கு ஒரு ராசி என்ற கணக்கு. பெயர்ச்சி பலன் கேட்காதீர்கள், எனக்கு அது தெரியாது.

இந்தியாவிடம் புற ஊதாத் தொலைநோக்கி இல்லையா?

இருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள யூவிஐடி. எண்ணூர், கத்திவாக்கம் கடற்கரையில் நின்று ராக்கெட் பார்க்கிறவர்களுக்கு அந்தத் திசை பழக்கம். அந்தத் தொலைநோக்கி விண்மீன்களுக்காகவும் விண்மீன் மண்டலங்களுக்காகவும் செய்யப்பட்டது. 121.6 அதன் எல்லைக்குள் வராது, 130 முதல்தான் தொடங்குகிறது.

அடுத்து என்ன போகிறது?

இரண்டு கலங்கள் ஏற்கெனவே வழியில் இருக்கின்றன. ஐரோப்பாவின் ஜூஸ் 2023 ஏப்ரல் 14 அன்று கிளம்பியது. 2031இல் வியாழனை அடைந்து, 2034 இறுதியில் கனிமீடைச் சுற்றத் தொடங்க வேண்டும். நாசாவின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபர் 14 அன்று ஏவப்பட்டது, 2030 ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும். இரண்டிலும் புற ஊதா நிறமாலைக் கருவி உண்டு. கிளிப்பரில் உள்ளது 55 முதல் 206 நானோமீட்டர் வரை பார்க்கும்.

கிளிப்பர் யூரோப்பாவை நேரடியாகச் சுற்றாது. அங்கேயே தங்கினால் கதிர்வீச்சு கருவிகளைச் சீக்கிரம் கெடுத்துவிடும். அதனால் வியாழனைச் சுற்றிக்கொண்டே 49 தடவை யூரோப்பாவின் அருகே வந்து போகும். மிக நெருங்கும்போது 25 கிலோமீட்டர் உயரம். மேலே சொன்ன மூன்று வழிகளையும் அது செய்யப்போகிறது: காற்றின் சொந்த மினுக்கத்தைப் படமெடுப்பது, பின்னால் மறையும் விண்மீன்களைப் பார்ப்பது, வியாழனைப் பின்னணித் திரையாக்கி நிழல் தேடுவது. விண்மீன் மறைப்பில்தான் நான் அதிகம் நம்பிக்கை வைத்திருக்கிறேன். ஆக்சிஜன் உறிஞ்சும் அலைநீளங்களும் நீராவி உறிஞ்சுபவையும் வேறுவேறு, ஒரே நிறமாலையில் இரண்டையும் பிரித்துவிடலாம். பீறல் இருந்தால் 40 பிக்சல் வாதத்துக்கு அப்புறம் இடமே இருக்காது.

சரி, மொட்டைமாடியிலிருந்து எதைத்தான் பார்க்கலாம்?

காற்றைப் பார்க்க முடியாது, யூரோப்பாவைப் பார்க்கலாம். நல்ல பைனாகுலரே போதும். கை ஆடாமல் கைப்பிடிச்சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். நமக்குக் கிழக்கே கடல் என்பதால் வியாழன் எழும்பும்போது கட்டடம் மறைக்காது. ஆனால் அடிவானத்தில் ஈரமும் துறைமுக விளக்குகளும் இருக்கும். இரண்டு மணி நேரம் பொறுத்து, அது மேலே வந்த பிறகு பாருங்கள்.

தொலைநோக்கி இருந்தால் கிரகணம் பார்க்கலாம். யூரோப்பாவும் கனிமீடும் ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் போகின்றன. வியாழன் சூரியனுக்கு நேரெதிரே இருக்கும் நாட்களைத் தவிர்த்து மற்ற மாதங்களில், வியாழனின் விளிம்பிலிருந்து தள்ளி நிற்கும் புள்ளி ஒன்று சில நிமிடங்களில் மங்கி இல்லாமல் போகும். 2018இல் ஹப்பிள் காத்திருந்தது இந்த மாதிரியான ஒரு நேரத்துக்குத்தான்.

இதைச் செய்ய என்ன படிக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம். அப்புறம் இயற்பியலில் பட்டம், மேற்படிப்பு. வானியல் என்ற பெயரில்தான் பட்டம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிறமாலை எப்படி உருவாகிறது என்பதும், இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிக்கும் புள்ளியியலும், பைத்தான் நிரல் எழுதுவதும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

ஹப்பிளின் பதிவுகளுக்குக் காசு கிடையாது. எடுத்த ஆய்வாளருக்கு ஒதுக்கிய காலம் முடிந்ததும் அவை எல்லோருக்கும் திறக்கப்படும். கனிமீடின் 1998 படங்கள், யூரோப்பாவின் 2012 பதிவுகள் எல்லாம் ஹப்பிளின் இணையக் காப்பகத்தில் இருக்கின்றன, வீட்டு இணைப்பிலேயே இறக்கலாம். முதலில் 135.6ஐ 130.4ஆல் வகுத்துப் பாருங்கள். பூமியின் பங்கையும் சூரியப் பிரதிபலிப்பையும் கழிக்க மறந்தால் எண் தப்பாக வரும், அதைச் சரிசெய்வதுதான் முதல் பயிற்சி.